கண்டக்டர் காஸ்பரின் மலை

பாறை மேல் ஏறியதும் காஸ்பர் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார். இரண்டு குதிகால்களையும் ஒட்ட வைத்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, டிரில் வகுப்பில் நிற்கிற பையனைப் போல ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார். நாங்களெல்லாம் தண்ணீரைத் தேடுவோம், காலில் தைத்த முள்ளைப் பிடுங்குவோம், மூச்சு வாங்குவோம். அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"எட்டு மணி நேரம் காலை அகட்டிக்கினு வண்டில நிக்கறேன்மா. வூட்டுக்குப் போய்ப் படுத்தா கட்டிலே ஆடற மாதிரி கீது. இது ஒண்ணுதான் ஆடாம கீது" என்று பாதத்தால் கருங்கல்லைத் தட்டிக் காட்டினார்.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. திருவான்மியூரிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்படுகிற பஸ்ஸில் பல வருஷமாகக் கண்டக்டர். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். பஸ் கூரை இடிக்காமலிருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பழகியதில், திறந்தவெளியில் நிற்கும்போதும் தலை சாய்ந்தேதான் இருக்கும். யாராவது ஏதோ சொல்வதைக் கூர்ந்து கேட்பதுபோல் தோன்றும். அதனாலேயே எல்லோரும் அவரிடம் ஏதாவது சொல்வார்கள். அந்த பஸ்ஸில் தினமும் போய்வந்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காட்டுக்கும் மலைக்கும் போக ஆரம்பித்ததும் இப்படிப் பேச்சில் வந்த வினைதான்.

அறுபத்தொன்பதாம் வருஷம். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர், "எங்கேயாவது ஆள் இல்லாத இடத்துக்கு ஓடிப்போயிடலாம்போல இருக்கு" என்று அலுத்துக்கொண்டார். காஸ்பர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "எனக்கு ஒரு எடம் தெரியும் சார். வர்றியா?" என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஆறு பேர் மாம்பலம் ஸ்டேஷனில் நின்றோம். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு கிடைப்பதற்காக ஹனீஃபா என்கிற இன்னொரு கண்டக்டரோடு மாற்றிக்கொண்டார். ஹனீஃபாவுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும், இவருக்குச் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கேட்கக் கூடாதா என்றால், "பூசை கீதே! சாமிக்கு யாரு பதில் சொல்றது?" என்பார்.

எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "மலைன்னா மேல ஒரு ஸ்வாமி இருக்கணும். ஸ்வாமியே இல்லாத மலைல ஏறிண்டு என்னடி பண்ணுவேள்?" என்று அம்மா கேட்டாள். பாறையைப் பார்ப்போம் என்றேன். "பாறைய? நம்மாத்து அம்மிக்கல்லைப் பாரேன், அரைச்ச மாதிரியும் இருக்கும்" என்றாள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்த ராஜரத்தினம் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஏதோ முருகன் கோயிலுக்குப் போவதாகத் தன் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். மாதாமாதம் அவர்களுக்குக் கொடுப்பதற்காகச் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு பொட்டலம் விபூதியும் வாங்கிக்கொள்வார்.

அந்த மலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்வதற்குப் பெயரும் கிடையாது. செங்கல்பட்டில் இறங்கி, ஒரு பஸ் பிடித்து, வயல் வரப்பில் அரை மணி நடந்தால், காட்டுக்கு மேலே மாட்டின் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் கரடு அது. விறகு பொறுக்குகிறவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையும் அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பாதை நாம் போட்டுக்கொண்டால்தான் உண்டு. உண்ணிச்செடிக்குள் குனிந்து, சூரைமுள்ளிடம் புடவையைக் கொடுத்து மீட்டு, மரவேரைப் பிடித்து ஏறினால், திடீரென்று காடு விலகி ஒரு பாறை வரும். யானை முதுகு அகலத்துக்கு ஒன்று, வீடு உயரத்துக்கு ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தவை சில. பிறகு மறுபடி காடு. பிறகு இன்னொரு பாறை.

பாதை இல்லாத இடத்தில் அடையாளம் வேண்டுமே? காஸ்பருக்குத் தெரிந்த ஒரே வழியில் அந்தப் பாறைகளுக்குப் பெயர் வைத்தார். முதல் பாறை திருவான்மியூர். மழை பெய்தால் நடுக்குழியில் தண்ணீர் தேங்குகிற அடுத்தது அடையாறு. மரநிழலோடு, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்த பாறைகள் ராஜா அண்ணாமலைபுரம். இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவில் புல்தரை விரிந்தது மந்தைவெளி. வற்றாத சுனை இருந்த பாறை தெப்பக்குளம். கடைசியில் மலை மூன்றாகப் பிரிகிற முகட்டுக்கு லஸ். நான் மந்தைவெளிக்காரி என்பதால் அந்தப் பாறையில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சாப்பாட்டு மூட்டையை அங்கேதான் அவிழ்ப்போம். காஸ்பரின் மனைவி அல்போன்சா கட்டிக்கொடுத்த வறுத்த மீன் திறக்கப்படும்போது நான் காற்று வரும் பக்கமாக எழுந்துபோய் உட்கார்ந்துகொள்வேன்.

அவர் ஒருநாளும் முன்னால் நடந்ததில்லை. "கண்டக்டருக்கு இன்னா வேலை முன்னாடி? டிரைவர் ஜவஹர் சார் போவாரு" என்பார். ஜவஹர் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கையில் கம்போடு முள்ளை விலக்கிக்கொண்டு முதலில் போவார். காஸ்பர் கடைசி. கழுத்தில் டூட்டி விசில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் நடக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கிய நிலையில் விசில் வந்தால் நாங்கள் தூக்கிய காலோடு நிற்போம். பஸ்ஸில் வராத அந்தக் கட்டுப்பாடு காட்டில் எங்களுக்கு எப்படியோ வந்துவிட்டது. ஒவ்வொரு பாறையிலும் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தள்ளித்தள்ளித் தலை எண்ணுவார். பழக்க தோஷத்தில், சுற்றுமுற்றும் பத்து மைலுக்கு ஆளே இல்லாத அந்த மலை முதுகில், "உள்ள போ, உள்ள போ! முன்னாடி காலியா கீது பார்" என்று கத்துவார். காலியாகத்தான் இருக்கும், அடிவானம் வரைக்கும்.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் தேடி அலையக் கூடாது. கடைசியாகத் தாண்டி வந்த பாறைக்குத் திரும்பிப்போய் அங்கேயே இருக்க வேண்டும். "ஸ்டாப்பிங்ல நில்லு. வண்டி வரும்." நாலரை வருஷம் அந்தச் சட்டத்துக்கு வேலையே வரவில்லை. கடைசியில் அவர் நடக்கும்போது யார் தொலைய முடியும்?

எழுபத்துநாலு ஜனவரியில் வேலை வந்தது.

ராஜரத்தினத்துக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கனத்த உடம்பு, சர்க்கரை வியாதி. நடக்கச் சொல்லி டாக்டர் விரட்டியதால்தான் எங்களோடு சேர்ந்தார். கார் வாங்க வசதி இருந்தும் பஸ்ஸில்தான் வருவார். அந்தத் தடவை புறப்படுவதற்கு முந்தின நாள் அவருடைய மனைவி சண்முகவடிவு ராஜா அண்ணாமலைபுரம் ஸ்டாப்பிங்குக்கே வந்து, பஸ் படியில் நின்ற காஸ்பரிடம், "அவுகளுக்கு இப்பம் அடிக்கடி மயக்கம் வருது அண்ணாச்சி. வேண்டாம்னா கேக்க மாட்டேங்காவ. கூட்டிட்டுப் போறீய, நல்லபடியா கூட்டிட்டு வந்துருங்க" என்றார். "என் பொறுப்பும்மா" என்று காஸ்பர் இரண்டு விசில் அடித்தார். நான் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

மறுநாள் மந்தைவெளிப் பாறையில் உட்கார்ந்து சாப்பாட்டை எடுக்கப் பார்த்தோம். தெப்பக்குளத்தில் போய்ச் சாப்பிடலாம், கை கழுவத் தண்ணீர் இருக்கும் என்று ஜவஹர் சொன்னார். பாறையை விட்டு இறங்கி நூறடி போயிருக்க மாட்டோம். மேலே ஒரு பாறை விளிம்பில் தொங்கிய மலைத்தேனீக் கூட்டை என்ன கலைத்ததோ, முன்னால் போன ஜவஹரின் முகத்தில் அப்பிவிட்டன. அவர் அலறிக்கொண்டு விழுந்தார். காஸ்பர் கடைசியிலிருந்து ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் ஜவஹரின் தலையைச் சுற்றி, தரதரவென்று இழுத்துக்கொண்டு தெப்பக்குளத்துப் பக்கம் ஓடினார். முக்காட்டைப் போட்டுக்கொண்டு எல்லோரும் பின்னால் ஓடினோம். அன்றைக்குத்தான், அந்தச் சில நிமிஷம்தான், அவர் கடைசி ஆளாக இல்லை.

எங்களில் மர்சலின் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜவஹரின் முகத்திலிருந்து ஒவ்வொரு கொடுக்காக எடுத்துச் சுனைத் தண்ணீரால் ஒற்றினாள். கொஞ்சம் அடங்கியதும் காஸ்பர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் வந்தது.

"ராஜரத்தினம் சார் எங்க?"

வந்த வழியில் தேனீக்கள் இன்னும் இரைந்துகொண்டிருந்தன. மர்சலினை ஜவஹரோடு விட்டுவிட்டு, மற்றவர்கள் மலைச்சரிவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு மந்தைவெளிப் பாறைக்கு வந்துசேரும்போது மணி இரண்டரை ஆகிவிட்டது. பாறை வெறுமையாக இருந்தது. விசில் அடித்தோம், கூவினோம். எதிரொலிதான் வந்தது. பயந்து வீட்டைப் பார்க்கத் திரும்பியிருப்பாரோ என்று ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் போய்ப் பார்த்தோம். இல்லை. திரும்பி மந்தைவெளிக்கு வந்தோம். அவருடைய சாப்பாட்டுப் பொட்டலம் என் பையில் இருந்தது. மதியம் சாப்பிடாவிட்டால் அவருக்குத் தலைசுற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். மணி நாலேகால். மார்கழி மாசத்து வெயில் அதற்குள் மஞ்சளாகிவிட்டது.

காஸ்பர் பாறை நடுவில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. கால்களை அகட்டி வைத்து, பிடிக்க எதுவும் இல்லாத ஆகாயத்தில் ஒரு கை தானாகக் கம்பியைத் தேடியது. அவர் பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஸ்டாப்பிங்லதானே நிக்கச் சொன்னேன். அவரு பேச்சு மீறற ஆளு இல்லியேம்மா" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி, "டெலிபோன் அம்மா, ஒண்ணு கேக்கறேன். காலைல மந்தைவெளில நம்ம வண்டிக்கு நீ எங்க நிப்ப?" என்று கேட்டார்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகிய ஜென்மம். "சைக்கிள் கடை வாசல்ல" என்றேன்.

"ஸ்டாப்பிங் அங்கியா கீது?"

"இல்லே. அது முப்பது அடி முன்னாடி. ஆனா நீங்க போர்டுகிட்ட எங்கே நிறுத்தறேள்? தாண்டிண்டு போய்த்தானே..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மெட்ராஸில் பஸ் ஏறுகிற எவரும் போர்டுக்கு அடியில் நிற்பதில்லை. போர்டைத் தாண்டி எங்கே நிறுத்துவார்களோ அங்கே போய் நின்றுகொள்வோம். அது ஒரு குறை என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. குடை எடுத்துக்கொள்வது மாதிரி, அது ஒரு பழக்கம்.

காஸ்பர் பாறையிலிருந்து இறங்கினார். வண்டி போகிற திசையில், தேனீக்கள் வந்த அதே பக்கமாக, எண்ணிக்கொண்டே நடந்தார். அந்தப் பக்கம் ராஜரத்தினம் போயிருப்பார் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. தேனீக்குப் பயந்து ஓடிவந்தவன் தேனீ இருக்கிற பக்கமா போய் நிற்பான்? பத்துப் பன்னிரண்டு தப்படி கழிந்ததும் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் காஸ்பர் மண்டியிட்டுக் குனிந்தார்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பிளவு. செடி மூடியிருந்ததால் ராஜரத்தினம் கால் தவறி உள்ளே சரிந்திருக்கிறார். கணுக்கால் முறிந்து மாட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. விசில் கேட்டதாம், கத்தவும் கத்தினாராம், கல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"வந்துட்டியளா அண்ணாச்சி" என்றார்.

"ஸ்டாப்பிங்ல நிக்கச் சொன்னேனே சார், ஏன் சார் இங்க வந்த?"

அந்த நிலையிலும் ராஜரத்தினம் அந்தக் கேள்வியைப் புரியாமல் பார்த்தார். "ஸ்டாப்பிங்கதான் தாண்டிருவியள்லா? ஓட முடியாதேன்னு முன்னாலயே வந்து நின்னேன்" என்றார். குத்திக்காட்டவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி, தெரிந்த ஒன்றைத்தான் சொன்னார்.

காஸ்பர் பிளவுக்குள் இறங்கி, அவருடைய பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கவளம் ஊட்டினேன். தேனீக்கள் அடங்கியிருந்ததால் இருவர் போய் ஜவஹரையும் மர்சலினையும் அழைத்துவந்தார்கள். பிளவிலிருந்து தூக்கி, இரண்டு கம்புகளில் வேட்டிகளைக் கட்டி, ஆள் மாற்றி ஆள் சுமந்து, கடைசி வெளிச்சத்தில் ரோட்டைப் பிடித்தோம். சுமந்தவர்களில் மாறாதவர் ஒருவர்தான்.

கட்டுப்போட்டுக்கொண்டு ராஜரத்தினம் வீட்டுக்கு வந்தபோது நானும் உடனிருந்தேன். சண்முகவடிவு கணவரின் காலைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், காஸ்பரைக் கும்பிட்டார். "சொன்னாப்பல கூட்டிட்டு வந்துட்டியள்லா, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் காஸ்பருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

திங்கட்கிழமை வழக்கம்போல் நாங்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிள் கடை வாசலில் நின்றோம். பஸ் வந்தது. போர்டுக்கு நேராக ஒற்றை விசில் கேட்டது. பஸ் அங்கேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. நாங்கள் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினோம். திட்டாதவர் இல்லை. "ஒனக்கு இன்னாய்யா ஆச்சு? இங்க யாரு கீறான்னு நிக்கச் சொல்ற?" என்று டிரைவர் மாணிக்கவாசகம் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "யாரும் இல்லாட்டி இன்னா, ஸ்டாப்பிங் கீதுல்ல" என்றார் காஸ்பர். இரண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மாணிக்கவாசகம் விட்டுக்கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர்தான், வாசலில் கூட்டம் போய்விட்டதே என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

ராஜரத்தினம் கால் சரியாகி மறுபடியும் எங்களோடு வந்தார். மூன்றே தடவை. யாரும் நிறுத்தச் சொல்லி நின்றுபோகவில்லை எங்கள் மலைப்பயணம். ஹனீஃபாவுக்கு வேறு டிப்போவுக்கு மாற்றலானது, சனிக்கிழமை போயிற்று. ஜவஹர் ஊரை விட்டே போனார். மர்சலினுக்குக் கல்யாணம் ஆனது. எழுபத்தாறு மார்ச்சில் ஐந்து பேர் போனோம். அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அடையாற்றுப் பாறையில் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். வெயில் ஏறின கருங்கல்லில் முதுகை வைத்துக்கொண்டு, மேலே பருந்து சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ முறுக்கைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. இப்போது எத்தனையோ இடங்களுக்குப் போகிறேன். அந்த மாதிரி ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை. அதற்காக அழுகைகூட வரும், ஒத்துக்கொள்கிறேன்.

காஸ்பர் இன்றும் அதே ஏழரை பஸ்ஸில்தான் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது, சாய்வு அப்படியே. மலை எப்போது என்று கேட்டால், "போலாம்மா, போலாம்" என்கிறார். மாணிக்கவாசகம் ரிடையர் ஆகிவிட்டதால் இப்போது வருகிறவர்கள் சின்ன வயசு டிரைவர்கள். காற்றாகப் பறக்கிறார்கள், விசிலை மதிப்பதில்லை.

போன வாரம் லஸ் ஸ்டாப்பிங். பஸ் போர்டைத் தாண்டி எப்போதும்போல் தள்ளிப்போய் நின்றது. தெரிந்த கூட்டம் அங்கேயே காத்திருந்து ஏறிக்கொண்டது. போர்டுக்கு அடியில் ஒரு பெரியவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். காலடியில் தகரப் பெட்டி, அக்குளில் குடை, கையில் ஏதோ விலாசம் எழுதின காகிதம். போர்டுக்கு நேராக நிற்பதிலேயே தெரிந்தது, ஊருக்குப் புதியவர். பஸ் தனக்காக நிற்கிறதா, போகப்போகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. ஓடலாமா என்று பெட்டியைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார்.

காஸ்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினார். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். ஜன்னலோரம் இருந்தவர்கள் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கூச்சல் போட்டார்கள். அவர் ஓடவும் இல்லை, அந்த மனிதரைக் கைதட்டிக் கூப்பிடவும் இல்லை. தோல்பை இடுப்பில் ஆட, ஒவ்வொரு அடியாக வைத்துப் போர்டு வரைக்கும் நடந்து போனார். குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெரியவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.